ஹிஜாமா: உலர் கோப்பையும் ஈரக் கோப்பையும்

தோள்பட்டையிலும் பிடரியிலும் வலி என்று யாரிடமாவது சொன்னால், "ஒரு தடவை ஹிஜாமா எடுத்துப் பாரேன்" என்ற பதில் இப்போதெல்லாம் உடனே வந்துவிடுகிறது. தோலின்மேல் கோப்பையைக் கவிழ்த்து உறிஞ்சவிடும் சிகிச்சை அது; கோப்பை மட்டும் வைத்தால் உலர் கோப்பை, தோலைக் கீறி ரத்தமும் எடுத்தால் ஈரக் கோப்பை. சென்னையில் திருவல்லிக்கேணி, மண்ணடி தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி, மேலப்பாளையம் வரை இதற்கான பெயர்ப்பலகைகளைப் பார்க்கிறேன். ஹிஜாமாவுக்கு உகந்ததாகக் கருதப்படும் பிறை 17, அதாவது இஸ்லாமிய மாதத்தின் 17-ஆம் நாள், நெருங்கும்போது வாட்ஸ்அப் குழுக்களில் முன்பதிவு அறிவிப்புகள் வரிசையாக வருகின்றன. முஸ்லிம் குடும்பங்களுக்கு இது வைத்தியமாகவும் இருக்கிறது, நபிவழியாகவும் இருக்கிறது, எனக்கும் அப்படித்தான். உலர் கோப்பைச் சிகிச்சையால் என் கழுத்துவலி குறைந்திருக்கிறது, அதை மனமாரச் சொல்வேன். அதனாலேயே, இதைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் சில பேச்சுகளைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. இது எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை, யார் செய்ய வேண்டும், யாருக்குச் செய்யவே கூடாது என்பதையெல்லாம் இதன்மேல் மதிப்பு வைத்திருப்பவர்கள்தான் முதலில் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் செல்லும் கிளினிக்கை நடத்துபவர் யுனானி மருத்துவத்தில் பட்டம் பெற்ற பெண் மருத்துவர். பள்ளியில் விடைத்தாள் திருத்தும் மாதங்களில் என் பிடரித் தசைகள் இறுகி, தலையைத் திருப்பவே முடியாமல் போகும். முதல் முறை சென்றபோது, கோப்பையைத் தொடுவதற்கு முன் அவர் நெடுநேரம் கேள்விகளே கேட்டார்: ரத்தம் உறையாமலிருக்க ஏதேனும் மாத்திரை சாப்பிடுகிறேனா, சர்க்கரை இருக்கிறதா, மாதவிலக்கில் போக்கு அதிகமா, காலையில் என்ன சாப்பிட்டேன், ஊசியைக் கண்டால் மயக்கம் வருமா. கை மரத்துப்போகிறதா, விரல்களின் பிடி தளர்கிறதா என்றும் சோதித்துப் பார்த்தார். அப்படி இருந்தால் கழுத்து முள்ளெலும்பருகே நரம்பு அழுந்தியிருக்கலாம், அதற்கு முதலில் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும் என்றார். அதன் பிறகுதான் குப்புறப் படுக்கச் சொன்னார். கோப்பைகள் கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக்கில் செய்தவை. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிறிய வால்வு இருக்கிறது. தோலில் ஆலிவ் எண்ணெயைத் தடவி, கோப்பையைக் கவிழ்த்து, வால்வில் கைப்பம்பைப் பொருத்தி இரண்டு மூன்று முறை இழுத்தார். தோல் கோப்பைக்குள் மேடாக எழும்பி நின்றது. வலி என்று சொல்ல முடியாது. இழுபடும் ஓர் இறுக்கம் மட்டும் இருந்தது, அதுவும் ஓரிரு நிமிடங்களில் வெதுவெதுப்பாக மாறிவிட்டது. பத்து நிமிடம் கழித்து வால்வைத் தூக்கியதும் 'புஸ்' என்று காற்று உள்ளே புகுந்தது. கோப்பைகள் தாமாக விடுபட்டன. எழுந்து உட்கார்ந்து கழுத்தைத் திருப்பியபோது, முன்பு தடுத்து நின்ற இடத்தைத் தாண்டித் தலை திரும்பியது. அந்த இலகு சில நாள்கள் நீடித்தது.

இதன் அடிப்படை காற்றழுத்தம் மட்டுமே. கையால் பிடித்துவிடும்போது தசை கீழ்நோக்கி அழுத்தப்படுகிறது. கோப்பை அதே தசையையும் அதன்மேல் உள்ள தோலையும் மேல்நோக்கித் தூக்குகிறது. பம்பு வருவதற்கு முன் நெருப்பு இந்த வேலையைச் செய்தது; சீனத்திலும் வேறு பல நாடுகளிலும் இன்றும் செய்கிறது. குழந்தைக்குத் திருஷ்டி கழிக்கத் தட்டில் மஞ்சள் நீரை ஊற்றி, எரியும் துணியைச் செம்புக்குள் போட்டுக் கவிழ்க்கும்போது, தட்டிலிருந்த நீர் 'களக்' என்ற ஓசையுடன் செம்புக்குள் ஏறுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். நெருப்பால் விரிந்த காற்று, தீ அணைந்ததும் குளிர்ந்து சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளியே இருக்கும் காற்று நீரை உள்ளே தள்ளுகிறது. கோப்பைக்குள் தோல் எழும்புவதற்கும் காரணம் இதுதான். நெருப்புக் கோப்பையில் தீக்காயம் படுவதுண்டு என்பதால், பம்பு கொண்டு செய்வதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கோப்பையை எடுத்ததும் தெரியும் ஊதா வட்டங்களைப் பற்றித்தான் மிகுதியான கதைகள் உலவுகின்றன. 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் தோள்களில் இவற்றை உலகமே பார்த்தது. வட்டம் கருத்திருந்தால் உடலில் நச்சு அதிகம், வெளிறியிருந்தால் குறைவு என்று நிறப்பட்டியல் ஒன்றைச் சில இடங்களில் சுவரிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள். இதில் உண்மையில்லை. உறிஞ்சும் விசையால் தோலுக்கடியில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் சில உடைந்து ரத்தம் திசுவுக்குள் கசிகிறது. மேசையில் இடித்துக்கொண்டால் வரும் கன்றலும் இதே வகைதான். கசிந்த ரத்தத்தின் ஹீமோகுளோபினை உடல் படிப்படியாகச் சிதைக்கும்போது முதலில் பச்சை நிறமி பிலிவெர்டினும், பிறகு மஞ்சள் நிறமி பிலிருபினும் உண்டாகின்றன. ஊதா வட்டம் பச்சையாகி, மஞ்சளாகி, மறைந்துபோவது அதனால்தான். எவ்வளவு கருக்கும் என்பது பம்பை எத்தனை முறை இழுத்தார்கள், எவ்வளவு நேரம் வைத்தார்கள், அந்த இடத்துத் தோல் எவ்வளவு மெல்லியது என்பவற்றைப் பொறுத்தது.

ஈர ஹிஜாமாவின் முதல் கட்டமும் இதேதான். குறித்த இடத்தைக் கிருமிநாசினியால் துடைத்து உலரவிட்டு, கோப்பையை மூன்று முதல் ஐந்து நிமிடம் வைத்திருப்பார்கள். எடுத்தபின், சிவந்து தடித்திருக்கும் வட்டத்தின்மேல் புதிய அறுவை பிளேடின் நுனியால் வரிசையாகச் சிறுசிறு கீறல்கள் இடுவார்கள். நல்ல கையால் இடப்பட்ட கீறல் மேல்தோலைத் தாண்டி நுண்குழாய்களைத் தொடுவதோடு நின்றுவிடும். ஆழம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதன்மேல் மீண்டும் கோப்பை வைக்கப்படும். என் தாய்க்கு, உம்மாவுக்கு, இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே, 'காஹில்' என்று சொல்லப்படும் இடத்தில் இதைச் செய்தபோது நான் பக்கத்திலேயே அமர்ந்திருந்தேன். கீறல்களிலிருந்து முதலில் பொட்டுப் பொட்டாக ரத்தம் கசிந்து, பின் ஒன்றோடொன்று சேர்ந்து கோப்பையின் ஓரத்தில் தேங்கியது. நான் அதைவிடக் கூர்ந்து பார்த்தது மருத்துவரின் கைகளைத்தான். பிளேடின் உறையை உம்மாவின் கண்ணெதிரே கிழித்தார். கீறி முடித்த அடுத்த நொடி, வேறு எதையும் தொடாமல், அதைக் குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளைப் பெட்டிக்குள் போட்டார். ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பைக்கும், கோப்பை சிவப்புப் பைக்கும் போயின. அதன் பிறகுதான் கையுறையைக் கழற்றினார். 2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிகள் வகுத்திருக்கும் முறை இது. இந்தப் பெட்டியும் பைகளும் கண்ணில் படாத இடத்தில் ஈர ஹிஜாமா எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே, உலர்ந்த ரத்தக் கறையிலும்கூட, ஏழு நாள்வரை உயிரோடிருக்கும். கழுவித் துடைத்த கோப்பையை அடுத்தவருக்கு வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

கோப்பையில் தேங்கிய ரத்தம் கருத்துக் குழகுழவென்று இருப்பதைக் காட்டி, "பாருங்க, எவ்வளவு கெட்ட ரத்தம்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. பார்ப்பவர்களுக்கு அது நம்பும்படியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் கருஞ்சிவப்பாகவே இருக்கும். தோலிலிருந்து வெளியேறி ஓரிடத்தில் தேங்கும் ரத்தம் உறைந்து கட்டியாகவே செய்யும். உறையாவிட்டால்தான் பயப்பட வேண்டும். கழிவுகளை வடிகட்டி வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகங்களும் செய்யும் வேலை. முதுகில் ஒரு வட்டத்தில் கெட்ட ரத்தம் தனியாகத் தங்கியிருப்பதில்லை. ஒரே ரத்தம்தான் உடல் முழுதும் நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றி வருகிறது. ரத்தத்தை வெளியேற்றுவதே சிகிச்சையாகும் நோய்கள் இன்றைய மருத்துவத்திலும் உண்டு. உடலில் இரும்புச்சத்து அளவுக்கு மீறிச் சேரும் ஹீமோகுரோமடோசிஸும், சிவப்பணுக்கள் மிதமிஞ்சிப் பெருகும் பாலிசைதீமியாவும் அவற்றில் முக்கியமானவை. அங்கே பரிசோதனை செய்து, அளவு குறித்து, ரத்தக் குழாயிலிருந்து ரத்தத்தை எடுக்கிறார்கள். தளர்வு, தலைவலி, முகப்பரு, குழந்தையின்மை என்று எதைச் சொன்னாலும் ஒரே விடையாகக் கோப்பையை நீட்டுவதற்கும் அதற்கும் வெகுதூரம்.

பழைய மருத்துவ நூல்கள் இவ்வளவு தாராளமாக இருந்ததில்லை. இதுதான் நான் குறிப்பாகச் சொல்ல விரும்புவது. ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை ரத்தம் வாங்குவதற்குக் கொம்பு, சுரைக்குடுவை, அட்டை என்று மூன்று வழிகளைச் சொல்லி, வாதத்துக்குக் கொம்பு, பித்தத்துக்கு அட்டை, கபத்துக்குச் சுரைக்குடுவை என்று பிரிக்கிறது. குழந்தைகள், முதியவர்கள், பலவீனர்கள், பயந்த சுபாவம் உள்ளவர்கள் ஆகியோருக்கு மிக மென்மையான வழியாகிய அட்டையையே விதிக்கிறது. சித்த மருத்துவம் 32 வகைப் புற மருத்துவங்களில் கீறல், அட்டை விடல், உறிஞ்சல், குருதி வாங்கல் ஆகியவற்றைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று அவற்றைக் குழப்பிக்கொள்ளவில்லை. ஸ்பெயினின் கோர்தோபாவில் வாழ்ந்த பழங்கால அறுவை மருத்துவர் அல்-ஸஹ்ராவி கொம்பிலும் மரத்திலும் செம்பிலும் கண்ணாடியிலும் செய்த கோப்பைகளை விவரித்திருக்கிறார். யுனானியின் முன்னோடி மருத்துவர் இப்னு ஸீனா மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் ஹிஜாமா விரும்பத்தக்கதன்று, நடுவில் செய்வதே நல்லது என்கிறார். யுனானியில் உலர் கோப்பையும் ஈரக் கோப்பையும் ஒரே நோக்கத்துக்கு உரியவையும் அல்ல. உலர்ந்தது 'இமாலா', அதாவது ஓரிடத்தில் திரண்டதை வேறிடத்துக்குத் திருப்புவது. ஈரமானது 'இஸ்திஃப்ராக்', வெளியேற்றுவது. வெளியேற்றும் முன் நோயாளியின் பலத்தையும் வயதையும் பருவகாலத்தையும் பார்க்கச் சொல்லும் மரபு அது. உடலில் உள்ள நான்கு திரவங்களின் சமநிலையே உடல்நலம் என்னும் அந்த மரபின் கோட்பாட்டை இன்றைய உடற்கூற்றியல் ஏற்பதில்லை. ஆயினும் அதை நம்பிய மருத்துவர்கள் கையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கோட்பாட்டிலிருந்து 'கெட்ட ரத்தம்' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டுப்பாட்டைக் கைவிட்டது நம் காலம்தான்.

என் சாச்சிக்கு, அதாவது சித்திக்கு, நடந்தது இதனால்தான். நாற்பதைக் கடந்த அவருக்கு எப்போதும் தளர்ச்சியும் தலைவலியும் இருந்தன. அவருடைய ஊரில் ஓரிடத்தில் மாதந்தோறும் ஈர ஹிஜாமா என்று மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு தொடங்கினார்கள். அவர் மாதவிலக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ரத்தப் பரிசோதனை எதுவும் எழுதித் தரவில்லை. தளர்ச்சி கூடியபோது, "நச்சு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு, அரசு மருத்துவமனையில் பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 8-க்கும் கீழே இருந்தது. கருப்பையில் நார்க்கட்டியால் ஒவ்வொரு மாதமும் மிகுதியாக ரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதன்மேல் முதுகிலிருந்தும் எடுத்திருக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள்: இயல்பான ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 50 மில்லிலிட்டர் போனால் 25 மில்லிகிராம் இரும்பு போகும். நாம் சாப்பிடும் உணவிலிருந்து உடல் ஒரு நாளில் உறிஞ்சுவது ஏறத்தாழ ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். ஏற்கெனவே குறைவாக உள்ளவருக்கு அதை ஈடுகட்ட வாரக்கணக்கில் ஆகும். ரத்த வங்கியில் 350 மில்லிலிட்டர் கொடுக்க வருபவருக்கு ஹீமோகுளோபின் 12.5 இருக்கிறதா என்று விரலில் குத்திப் பார்த்த பிறகே படுக்க வைக்கிறார்கள். பெண் என்றால் அடுத்த முறைக்கு நான்கு மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் ஒரு பெண்ணின் ஹீமோகுளோபினைப் பார்க்காமல் பிளேடை எடுப்பது மன்னிக்கத்தக்கதன்று. சாச்சிக்கு இப்போது இரும்புச்சத்து மாத்திரையும் நார்க்கட்டிக்கான சிகிச்சையும் நடக்கின்றன. முகத்தில் நிறம் திரும்பியிருக்கிறது.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்றால், கழுத்துவலி, முதுகுவலி போன்றவற்றுக்குக் குறுகிய காலத்தில் ஓரளவு பலன் தெரிகிறது. பெர்லினில் மணிக்கட்டு நரம்பு அழுத்தத்தால் அவதிப்பட்ட 52 பேரிடம் நடத்தி 2009-இல் வெளியான ஆய்வில், தோள்பகுதியில் ஒரே ஒரு முறை ஈரக் கோப்பை வைத்தவர்களுக்கு, சூடு ஒற்றடம் மட்டும் பெற்றவர்களைவிட ஒரு வாரம் கழித்து வலி குறைந்திருந்தது. 2016-இல் ஜெர்மனியிலிருந்தே வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் கூர்மையானது. உடல் முழுதும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் 141 பேரில் ஒரு பகுதியினருக்கு உண்மையான கோப்பையும், ஒரு பகுதியினருக்குச் சிறு துளையிட்டு உறிஞ்சும் விசை நிற்காதபடி செய்த போலிக் கோப்பையும் வைத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் தொடர்ந்தது. உண்மைக் கோப்பை பெற்றவர்கள் வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஆனால் போலிக் கோப்பை பெற்றவர்களும் அவர்களுக்குச் சமமாகவே இருந்தார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருந்தது. ஒரு மனிதர் பொறுமையாகக் கேட்டு, தொட்டு, அரைமணி நேரம் அசையாமல் படுக்க வைப்பதிலேயே நிவாரணத்தின் ஒரு பங்கு இருக்கிறது என்பதை ஏற்கத்தான் வேண்டும். வலிக்கு அது பயன்படுகிறது. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் புற்றுநோயையும் அதை நம்பி விட்டுவிட முடியாது. ஹிஜாமா எடுக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். அதுதான் என்னை மிகவும் அச்சப்படுத்துகிறது.

மார்க்கத்தின் பெயரால் இதைச் செய்கிறவர்களிடம் மார்க்கத்தைக் கொண்டே பேச விரும்புகிறேன். தேன் அருந்துவது, ஹிஜாமாவின் கீறல், சூடிடுவது ஆகிய மூன்றில் நிவாரணம் உண்டு என்றும், சூடிடுவதைத் தம் சமூகத்துக்குத் தாம் தடுப்பதாகவும் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் கூறியது புகாரி என்னும் நபிமொழித் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. அபூ தைபா என்ற அடிமை நபியவர்களுக்கு ஹிஜாமா செய்தபோது, அவருக்கு உணவுப் பொருளைக் கூலியாகக் கொடுக்கச் சொன்னதோடு, அவருடைய எசமானர்களிடம் பேசி அவர் செலுத்த வேண்டிய வரியையும் குறைத்தார்கள் என்பதும் அதே நூலில் இருக்கிறது. கைத்திறனுக்கு நியாயமான கூலி உண்டு என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் அபூதாவூதில் பதிவான வேறொரு நபிமொழியை விளம்பரங்களில் நான் பார்த்ததேயில்லை: மருத்துவம் அறிந்தவராக அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்தால், விளையும் தீங்குக்கு அவரே பொறுப்பாளி. வார இறுதியில் இரண்டு நாள் பயிற்சி பெற்றுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியவருக்கும், ஐந்தாண்டுக்கு மேல் படித்து மருத்துவமனையில் பயிற்சி பெற்றவருக்கும் இடையில் இருக்கும் வேறுபாட்டை இந்த ஒரு வரி எப்போதோ சொல்லிவிட்டது. சென்னை அரும்பாக்கத்தில் 1979 முதல் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெங்களூரில் தேசிய யுனானி மருத்துவ நிறுவனம் இருக்கிறது. இத்தகைய இடங்களில் படித்துப் பதிவெண் பெற்றவர்களைத் தேடிப் போவது இன்று அவ்வளவு சிரமமான காரியம் அன்று. பதிவெண்ணைக் கேட்பது மரியாதைக்குறைவும் அன்று.

வார்ஃபரின், குளோபிடோகிரெல் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், ரத்தம் உறைதலில் குறையுள்ளவர்கள், ரத்தசோகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கட்டுப்படாத சர்க்கரையால் புண் ஆறாதவர்கள் ஆகியோர் ஈர ஹிஜாமாவை விட்டு விலகியிருக்க வேண்டும். காயம் பட்ட இடத்தில் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்களுக்கும் கீறல் ஆகாது. சோரியாசிஸ் உள்ளவர்களுக்கு உலர் கோப்பைகூடச் சிக்கல் தரலாம், தோல் சேதமுற்ற இடத்தில் புதிய திட்டு வட்டமாகவே கிளம்பும். முதுகுவலியோடு காய்ச்சலோ, எடைக்குறைவோ, காலில் மரப்போ, சிறுநீர் கழிப்பதில் சிரமமோ இருந்தால் எந்தக் கோப்பையும் வேண்டாம். நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். இறுக்கத்தையும் பிடிப்பையும் மட்டும் போக்கிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு உலர் கோப்பையே போதும் என்பது என் கருத்து. என் மருத்துவரும் எனக்கு இதுவரை ஈரக் கோப்பையைப் பரிந்துரைத்ததில்லை; கழுத்துக்கான பயிற்சிகளைத்தான் ஒவ்வொரு முறையும் எழுதித் தருகிறார்.

ஈர ஹிஜாமா எடுத்துக்கொண்டால், முன்னதாக இலேசாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போவது நல்லது; முடிந்ததும் உடனே எழுந்து நிற்காமல் சற்று நேரம் படுத்திருந்தால் மயக்கம் வராது. கீறல்கள் மூடும்வரை அந்த இடத்தை நனைக்காமலும் சொறியாமலும் வைத்திருக்க வேண்டும். தோளில் பாரம் சுமப்பதையும் நீச்சலையும் ஓரிரு நாள் தள்ளிப்போட வேண்டும். சிவப்பு பரவினாலோ, சீழ் கோத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ காத்திருக்கக் கூடாது. வட்டங்கள் இரண்டு வாரத்துக்கு மேலும் மறையாமல் இருந்தாலோ, கோப்பை வைக்காத இடங்களிலும் கன்றல்கள் தோன்றினாலோ, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அடுத்த ஹிஜாமாவைப் பற்றி யோசிப்பது அந்த முடிவு கைக்கு வந்த பிறகுதான்.